புள்ளி அட்டவணையின் முன் யாழ்ப்பாணம்

1967 ஒக்டோபர் 1ஆம் திகதி கனடா தன் குடிவரவுத் தேர்வை ஓர் அட்டவணையிடம் ஒப்படைத்தது. கல்விக்கு 20, அதிகாரியின் நேர்முக மதிப்பீட்டுக்கு 15, தொழிலுக்கு இருக்கும் கிராக்கிக்கு 15, வயதுக்கு 10, ஆங்கில பிரெஞ்சு அறிவுக்கு 10 என ஒன்பது தலைப்புகளில் நூறு புள்ளிகள். ஐம்பது எடுத்தவர் உள்ளே வரலாம். பிறந்த நாடும் நிறமும் கணக்கில் இல்லை என்று ஒரு நாடு எண்களால் எழுதிக் காட்டியது அதுவே முதல் தடவை. நான்கு ஆண்டுகள் கழித்து இலங்கையிலும் ஓர் அட்டவணை வந்தது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 எடுக்கவேண்டியிருந்தது, சிங்களமொழி மாணவருக்கு 227 போதுமாயிற்று. மருத்துவத்தில் அவை 250உம் 229உம் ஆக இருந்தன. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு, 2001 முதல் இசட் புள்ளி என்று முறைகள் மாறின. யாழ்ப்பாணத்தில் தசமத் தானங்களுக்கு அஞ்சாத தாயோ தகப்பனோ இன்றைக்கும் இல்லை.

ஆகவே அவுஸ்திரேலியாவின் 65 புள்ளியும் கனடாவின் 1200 புள்ளிக் கணக்கும் இங்கே எவருக்கும் அந்நியமாகத் தெரிவதில்லை. இன்னொரு பரீட்சை என்றே அதை எடுத்துக்கொள்கிறார்கள். ரியூசனுக்குப் போய், கடந்தகால வினாத்தாள் செய்து, மூன்றாம் தடவையாவது தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கையோடு ஆங்கில வகுப்பில் சேர்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். புள்ளிமுறை ஒருவருடைய அறிவை ஓரளவுதான் சோதிக்கிறது. அதைவிட அதிகமாக, அவர் வாழ்ந்த வாழ்க்கை எழுத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறது. போரும் இடப்பெயர்வும் கடிதம் இல்லாத வேலையும் நிறைந்த ஒரு குடாநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

தகுதிக்குக் கிடைத்த கடல்கடந்த உத்தியோகம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும் அதன்பின் எழுந்த ஆங்கிலப் பாடசாலைகளும் ஒரு தலைமுறையை ஆங்கிலத்தில் கணக்கெழுதப் பழக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாயாவில் பிரித்தானியர் றெயில் பாதை போட்டபோது நிலஅளவையாளரும் எழுதுவினைஞரும் ஸ்டேஷன் மாஸ்டரும் தேவைப்பட்டார்கள். வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் படித்தவர்கள் கப்பலேறினார்கள். கோலாலம்பூரின் பிறிக்ஃபீல்ட்ஸ் அவர்களுடைய குடியிருப்பாயிற்று. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பதை ஊரில் இன்னும் சொல்லிக்கொள்வார்கள். அன்றைக்குக் கேட்கப்பட்டவை ஆங்கிலச் சான்றிதழும் ஒரு பாதிரியாரின் நற்சாட்சிக் கடிதமும். இரண்டையும் பாடசாலையே கொடுத்தது. பென்சன் எடுத்து ஊர் திரும்பியவர் கட்டிய கல்வீடுகள் தீவகத்திலும் வலிகாமத்திலும் இன்னும் நிற்கின்றன.

1983 யூலைக் கலவரத்துக்குப் பின் போனவர்கள் வேறொரு வாசலால் போனார்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். 2009இல் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 பேருடனும், 2010இல் சன் சீ 492 பேருடனும் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தன. அகதிக் கோரிக்கையில் ஒருவர் காட்டவேண்டியது சேதத்தை. எரிந்த வீடு, காணாமற்போன தம்பி, உடம்பில் தழும்பு ஆகியவை அங்கே ஆதாரங்கள். புள்ளிமுறை இதற்கு நேர்மாறான வாழ்க்கையைக் காட்டச் சொல்கிறது. இடைவெளியில்லாத கல்வி, மாதம் தவறாத சம்பளம், ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரே பெயர், ஆறு மாதம் அசையாமல் கிடந்த வங்கிப் பணம். ஒரே தெருவில் வளர்ந்த மாமனும் மருமகனும் இருபது வருட இடைவெளியில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு கதைகளை ஒரே நாட்டிடம் நிரூபிக்கவேண்டி வந்தது.

இனி எண்களைப் பார்ப்போம். கனடாவின் திறமைசார் தொழிலாளர் பிரிவில் முதலில் 100க்கு 67 எடுக்கவேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, முன்கூட்டிய வேலைக்கு 10, பொருந்தும் தன்மைக்கு 10. இதைத் தாண்டியவர் 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்றி வரிசையில் நிற்கலாம். அங்கே 1200 புள்ளிக்கான இன்னொரு தரவரிசை, அதில் மேலே நிற்பவருக்கே விண்ணப்பிக்க அழைப்பு வரும். 1200இல் மேலதிகப் புள்ளியான 600ஐ முழுதாகப் பெறுபவர் மாகாண நியமனம் பெற்றவர் மட்டுமே. மணமாகாத, 29 வயதான, நான்கு வருடப் பட்டமும் மூன்று வருட அனுபவமும் உள்ள ஒருவரை எடுப்போம். வயதுக்கு 110, பட்டத்துக்கு 120. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதியிலும் 6.0 எடுத்தால், அதாவது கனடிய மொழி அளவுகோலின் 7ஆம் நிலை என்றால், மொழிக்கு 68. பட்டமும் அனுபவமும் மொழியோடு சேர்வதால் வரும் புள்ளிகள் 38. மொத்தம் 336. அதே ஆள் கேட்டலில் 8.0, மற்ற மூன்றிலும் 7.0 எடுத்து 9ஆம் நிலையைத் தொட்டால் மொழிக்கு 124, சேர்க்கைப் புள்ளி 75. மொத்தம் 429. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, ஆனால் வித்தியாசம் 93 புள்ளி. இந்த அட்டவணையில் வேறெந்த ஆறு மாத உழைப்பும் இவ்வளவு தராது. ஆகவே முதற்செலவு மொழிக்கே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகவருக்குக் கொடுக்கும் முற்பணம் அதற்குப் பிறகுதான்.

1967இல் மொழிக்கு நூற்றில் பத்துத்தான் இருந்தது என்பதை இங்கே நினைக்கவேண்டும். இன்று அந்த எடை பலமடங்காகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலமோ இதற்கிடையில் எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1956இன் அரசகரும மொழிச் சட்டமும் அதையொட்டி ஆங்கிலமொழிக் கல்வி சுயமொழிக்கு மாறியதும் இரண்டு தலைமுறைகளில் வேலையைக் காட்டின. மலாயாக் கந்தோரில் ஆங்கிலத்தில் கடிதம் வரைந்தவரின் பேரப்பிள்ளை இன்று எழுத்துப் பகுதியில் 6.5இல் நின்றுவிடுகிறது. வாசிப்பிலும் கேட்டலிலும் எங்கள் பிள்ளைகள் விரைவாக ஏறுகிறார்கள், ஏனென்றால் அவை வினாத்தாள் பயிற்சிக்குப் பிடிபடும். எழுத்து அப்படியல்ல. ஒரு கருத்தை எடுத்து, காரணம் சொல்லி, மறுப்பையும் எதிர்கொண்டு 250 சொல்லில் எழுத உயர்தர வகுப்பில் தமிழில்கூட நாங்கள் பயிற்றுவிப்பதில்லை. மனனம் செய்த மாதிரிக் கட்டுரையோடு போகிறவர் அந்த அரைப் புள்ளிக்காக மறுபடி மறுபடி பணம் கட்டுகிறார்.

அவுஸ்திரேலியாவின் கணக்கில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. அந்நாட்டின் நாட்டி நிறுவனம் நடத்தும் சமூக மொழித் தேர்வில் இரண்டு உரையாடல்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வாய்மொழியாகப் பெயர்த்து 90க்கு 63 எடுப்பவருக்கு ஐந்து புள்ளிகள் கிடைக்கின்றன. வைத்தியசாலை, வங்கி, பாடசாலை, நீதிமன்றம் போன்ற இடங்களில் நடக்கும் பேச்சுத்தான் பாடம். ஐந்து புள்ளி சிறிதாகத் தோன்றலாம். 65 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. அழைப்பு வரும் புள்ளி பல தொழில்களில் அதற்கு நெடுந்தூரம் மேலே நிற்பதால் அந்த ஐந்து பலருக்குத் தீர்ப்பாக அமைகிறது.

வயதுக் கணக்கு இரக்கமற்றது. கனடாவில் 20 முதல் 29 வரை முழுப் புள்ளியான 110. 30இல் 105, 31இல் 99, 35இல் 77, 40இல் 50, 45இல் ஒன்றுமில்லை. இலங்கையில் பத்தொன்பதில் உயர்தரம் எழுதி, இரண்டாம் மூன்றாம் தடவையும் எழுதி, பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் அனுமதிக்கும் காத்திருந்து கம்பஸ் போகிறவருக்கு இருபத்திரண்டு ஆகிவிடும். கோவிட் காலத்தில் 2021க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும் நடந்தன. நான்கு வருடப் பட்டம் விரிவுரையாளர் பணிப்புறக்கணிப்புகளோடு ஐந்தாகிறது. அதற்குப்பின் மூன்று வருட அனுபவம் சேர்க்கும்போது முப்பது கடந்திருக்கும். ரொறன்ரோவிலோ பெங்களூரிலோ இருபத்தைந்தில் வந்து சேரும் இடத்துக்கு யாழ்ப்பாணத்தவர் முப்பத்தொன்றில் வருகிறார். இது அவருடைய சோம்பலின் விளைவல்ல, ஆனால் அட்டவணைக்கு அதைச் சொல்ல ஒரு பெட்டியில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போரால் இடம்பெயர்ந்து நடந்த சனத்தோடு கருவிலிருந்த பிள்ளைகள் இப்போதுதான் அந்த முப்பது என்ற கோட்டைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தரப்பாள் கொட்டகைக்குள் பாடம் படித்த சிறுவருக்கும் இதே வயதுதான். முப்பத்திரண்டு முடியும்வரை உச்சப் புள்ளியான 30ஐக் குறைக்காத அவுஸ்திரேலிய அட்டவணை இந்த விடயத்தில் எம்மவருக்குச் சற்று நியாயமானது. அதனாலேயே இரண்டு நாட்டுக் கணக்கையும் இருபத்தாறு வயதிலேயே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பேன்.

இனி வேலை. புள்ளிமுறையை யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து ஆராய்கிறவருக்கு மிகவும் நோகும் பகுதி இது. கனடா கேட்பது கடந்த பத்து ஆண்டுக்குள் தொடர்ச்சியாக ஓராண்டு, குறைந்தது 1,560 மணித்தியாலம், சம்பளத்துக்குச் செய்த திறமைசார் வேலை. அதை நிரூபிக்கும் கடிதம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இருக்கவேண்டும். பதவிப் பெயர், தொடங்கிய முடிந்த திகதிகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம், என்னென்ன கடமைகள் என்று எல்லாம் அதில் வேண்டும். 2022 நவம்பர் முதல் குடிவரவில் பயன்படும் புதிய கனடியத் தொழில் வகைப்பாட்டில் அந்தத் தொழிலுக்கு எழுதப்பட்டிருக்கும் கடமைகளோடு இவை பொருந்தவும் வேண்டும்.

குடாநாட்டில் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? ஒருவர் நல்லூரில் இரண்டு ரியூட்டரிகளில் இரசாயனவியல் படிப்பிக்கிறார், மாதக் கடைசியில் பணம் கையில் வருகிறது. இன்னொருவர் மாமாவின் கட்டட ஒப்பந்த வேலையில் மேற்பார்வையாளராக நிற்கிறார், நியமனக் கடிதம் என்ற பேச்சே எழுந்ததில்லை. மூன்றாமவர் வன்னிப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகப் பல வருடம் உழைத்தார். சம்பளமில்லாத உழைப்பு என்பதால் அந்த வருடங்களைக் கனடிய அட்டவணை எடுத்துக்கொள்ளாது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்த வேலையற்ற பட்டதாரிகளை ஊர் மறந்திருக்காது. 2020இல் பட்டதாரிப் பயிலுநராக 20,000 ரூபா கொடுப்பனவில் எடுக்கப்பட்டவர்களுக்கு எந்தக் கந்தோரில் என்ன வேலை என்பதே நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. இவர்களுள் எவருக்கும் திறமையில்லை என்று யாரும் சொல்லமுடியாது. கடிதம்தான் இல்லை.

இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது, ஆனால் வேலையின் முதல் நாளிலிருந்தே எடுக்கவேண்டியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டவேண்டும். அது சலுகையல்ல, உரிமை. அந்தக் கணக்குத்தாள் ஒன்றே பின்னாளில் ஒரு வெளிநாட்டு அதிகாரி நம்பக்கூடிய மூன்றாம் தரப்புச் சாட்சி. சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு எடுப்பது, சம்பளத் துண்டை வைத்திருப்பது, சுயதொழில் என்றால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவதும் வரிக்கோப்புத் திறப்பதும் இப்படிப்பட்டவையே. தனியாகப் படிப்பிக்கிறவருடைய உழைப்பையும் சுயதொழிலாகக் காட்டலாம். அதற்கு அவருடைய சொந்தச் சத்தியக் கடதாசி மட்டும் போதாது. யாழ்ப்பாணத்து முதலாளிமார் சேமலாப நிதியைக் கொடுக்காமல் விடுவதை ஒரு சிறு சிக்கனமாக எண்ணுகிறார்கள். அது ஓர் இளைஞனின் முதுமைச் சேமிப்பையும் அவன் வேலை செய்தான் என்ற சாட்சியத்தையும் சேர்த்தே பறிக்கிறது. வெளிநாடு போகாமல் இங்கேயே வங்கிக்கடன் கேட்கப் போகிறவனும் அதே இடத்தில்தான் இடறுகிறான்.

பெயரில் வரும் சிக்கல் வேறு. பிறப்பத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கும். அதில் தகப்பன் பெயர் தனிக்கூட்டில் இருக்கும். சாதாரணதரச் சான்றிதழில் முதலெழுத்துகள் விரிந்திருக்காது. கடவுச்சீட்டில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் இன்னொன்று. கனடாவுக்கான கல்வி மதிப்பீட்டில் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனங்களுக்குப் பெறுபேற்று அறிக்கை பல்கலைக்கழகத்திலிருந்தே நேரே போகவேண்டும், அங்கே பெயர் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு நின்றுவிடும். சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியக் கடதாசி இதை ஓரளவு தீர்க்கும். ஆனால் அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்துக்கும் கிடைப்பது அறுபது நாள்தான். இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்து, கச்சேரியில் பதிவேட்டைத் தேடி, காலங்கடந்த பதிவு செய்யவேண்டியவருக்கு அறுபது நாள் எந்த மூலைக்கு? கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ அலைந்த காலம் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் திறந்ததோடு ஒரு முடிவுக்கு வந்தது. கடந்த பத்தாண்டில், பதினெட்டு வயதுக்குப்பின், தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வேறொரு நாட்டில் இருந்திருந்தால் அங்கிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து அண்மையில் திரும்பியவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கனடியப் படிவம் கடந்த பத்தாண்டின் ஒவ்வொரு மாதத்தையும் கேட்கிறது, எந்த அமைப்பில் இருந்தீர்கள் என்றும் கேட்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு உறுப்பினராயிருந்தவரை உள்ளே விடுவதில்லை. போரின் இறுதிக் காலத்தில் பதினாறு பதினேழு வயதில் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டு, பின்னர் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து வந்த ஒருவர் இந்தக் கேள்வியின் முன் என்ன செய்வார்? மறைத்துவிடு என்று சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் பெருந்தீங்கு. வலிந்து சேர்த்தது சட்டத்தில் வாதிடக்கூடிய விடயம், மறைத்தது வாதிட முடியாத குற்றம். இந்த நிலையிலுள்ளவர் முகவரைத் தவிர்த்து ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் போவதற்கே தன் பணத்தைச் செலவிடவேண்டும்.

பணத்தின் கதையும் இதே போன்றதுதான். கனடாவில் வேலை உறுதி இல்லாமல் போகும் தனியாள் 2025 கணக்கின்படி 15,263 டொலரும், நால்வர் குடும்பம் 28,362 டொலரும் கையில் இருப்பதாகக் காட்டவேண்டும். ஆறு மாத வங்கி இருப்பு வேண்டும், கடன் வாங்கிய பணம் ஆகாது. யாழ்ப்பாணத்துச் செல்வம் காணியிலும் நகையிலும் இருக்கிறது. சீதனமாக வந்த உறுதியோ பெட்டகத்திலுள்ள தாலிக்கொடியோ இந்தக் கணக்கில் வராது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், ஏப்ரிலில் நாடு கடன் தவணையை நிறுத்திய சில வாரங்களில் 360ஐத் தொட்டது. ரூபாவில் சேமித்து வைத்தவர்களின் நிதிச்சான்று ஒரே பருவத்தில் கரைந்தது. காணியை விற்பதென்றால் அழைப்பு வருவதற்கு முன்பே விற்றிருக்கவேண்டும், அழைப்பு வராவிட்டால் காணியும் இல்லை. இந்த முடிவை ஒரு குடும்பம் எடுக்கும்போது வெட்டுப்புள்ளிகளின் போக்கைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 2025இல் கனடிய அனுபவமுள்ளவர்களுக்கான சுற்றுகள் 500க்குக் கீழே இறங்கவேயில்லை. சுகாதாரத் தொழிலாளருக்கு ஓகஸ்டில் 470, பிரெஞ்சு தெரிந்தவருக்கு மார்ச்சில் 379. முன்னே கணக்கிட்ட 429 புள்ளிக்காரர் பொறியியலாளராக இருந்து காத்திருக்கலாம், தாதியாக இருந்தால் கிட்டவந்து நிற்கலாம், பிரெஞ்சில் 7ஆம் நிலை எடுத்திருந்தால் போயே இருக்கலாம். பாரிஸின் லா ஷப்பலில் அரைவாசிச் சொந்தம் வைத்திருக்கும் யாழ்ப்பாணம் பிரெஞ்சைப் பரீட்சைப் பாடமாக இதுவரை கருதாதது எனக்கு வியப்பே.

சொந்தத்துக்கும் புள்ளியுண்டு. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள உடன்பிறப்பு இருந்தால் தரவரிசையில் 15. மாமா, சித்தி, பெரியப்பா இருந்தால் ஆரம்ப 67 கணக்கில் மட்டும் 5. ஒன்றாக உண்டு வளர்ந்த ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ஒன்றுமில்லை. திருமணமான இணையில் யார் முதன்மை விண்ணப்பதாரி என்பதை வீட்டு வழக்கம் தீர்மானிக்கிறது, கணவன் பெயரிலேயே கோப்புத் திறக்கிறார்கள். மனைவி வயதில் இளையவர், பலவேளை கூடப் படித்தவர், ஆங்கிலமும் அவருக்கே நன்றாக வரும். இருவர் பெயரிலும் கணக்கிட்டுப் பார்த்துக் கூடியதை எடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

முகவர்களைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. 2022 நவம்பரில் தென்சீனக் கடலில் தத்தளித்த லேடி ஆர்3 என்ற படகிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமின் வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். கனடா என்று சொல்லி ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். அந்தக் கடல்வழியோடு ஒப்பிட்டால் புள்ளிமுறை மானமுள்ள பாதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே முகவர்கள் இப்போது கோப்போடு வருகிறார்கள். வேலையே செய்யாத நிறுவனத்தின் கடிதம், இரண்டு மாதத்துக்குக் கடனாக வைப்பிலிடப்படும் பணம், தயாரித்த சம்பளத் துண்டு. கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை. அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம், அடையாளத்தில் பொய் என்றால் பத்து. முப்பது வயதில் ஐந்து வருடத் தடை வாங்குகிறவர் வயதுப் புள்ளியில் கால்பங்குக்கு மேல் அங்கேயே இழந்துவிடுகிறார். கனடிய விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் உரிமை கனடாவில் பதிவுபெற்ற சட்டத்துறையினருக்கும், 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவருக்குமே உண்டு. அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் மயங்கக்கூடாது. அது ஆட்சேர்ப்புக்கான அனுமதி, குடிவரவு ஆலோசனைக்குரியதல்ல.

வதிவிடம் கிடைத்தவுடன் தொழில் கிடைத்துவிடும் என்பதும் தவறு. புள்ளி கொடுப்பது மத்திய அரசு, தொழில் உரிமம் கொடுப்பது மாகாண ஒழுங்குமுறைச் சபை. மருத்துவப் பட்டத்துக்கு உயர்ந்த புள்ளி எடுத்து இறங்கியவர் தகுதிகாண் பரீட்சையிலிருந்து தொடங்கவேண்டும். ஒன்ராறியோவின் பொறியியலாளர் சபை கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மேயில்தான் நீக்கியது. போகுமுன்பே உரிமப் பாதையை வாசிப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி.

போகிறவர்களின் கணக்கைப் பார்த்தபின் ஊரின் கணக்கையும் பார்க்கவேண்டியிருக்கிறது. யாழ். மாவட்டத்தில் 1981இல் ஏழு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள், 2012இல் ஆறு இலட்சத்துக்கும் குறைவு. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 பாராளுமன்ற உறுப்பினர்கள். 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. அகதியாகப் போனவர்களும் போரில் மாண்டவர்களும் இந்த இறக்கத்தின் பெரும்பகுதி. ஆனால் புள்ளிமுறை இனி எடுத்துச்செல்வது யாரை என்பது அதன் அட்டவணையிலேயே தெரிகிறது. முப்பதுக்குட்பட்டவர், பட்டதாரி, ஆங்கிலம் தெரிந்தவர், மூன்று வருடம் வேலை பழகியவர், தாதி, பொறியியலாளர், கணினிக்காரர். யாழ். போதனா வைத்தியசாலைக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியல் பீடத்துக்கும் வேண்டியவர்களும் இவர்களே. போகாதே என்று அவர்களிடம் சொல்லும் உரிமை, அவர்களுக்கு நியமனக் கடிதம்கூடக் கொடுக்காத எங்களுக்கு இல்லை.

செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. 2022 யூனில் அரசாங்கம் தன் ஊழியர்கள் சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுப்பில் வெளிநாடு செல்லலாம் என்று சுற்றறிக்கை விட்டது. முதலில் போனவர்களின் ஐந்து வருடம் 2027இல் நிறைகிறது. கனடாவின் நிரந்தர வதிவாளர் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும், மீதி மூன்று வருடம் எங்கும் இருக்கலாம். அதாவது வதிவிடத்தை இழக்காமலே ஒருவர் இரண்டு வருடம் தொடர்ந்து கிளிநொச்சியில் படிப்பிக்கவோ யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதிப்பிரிவை நடத்தவோ சட்டம் இடங்கொடுக்கிறது. அதற்கேற்ற இரண்டு வருட ஒப்பந்தப் பதவிகள் வேண்டும். 2018 ஒக்டோபரில் கலைந்த வடமாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடக்காததால் அதை ஆளுநர் நிர்வாகமும் பல்கலைக்கழகப் பேரவையும்தான் தொடங்கவேண்டும், 2027க்கு முன்.